ஒன்றுகூடல் நாளில் உடை

பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு அழைப்பு வந்தவுடன் ஆடவர் மனத்தில் முதலில் எழுவது, அவர்கள் வெளியே சொல்ல நாணும் ஒரு வினாவாகும். எதை உடுத்திச் செல்வது? பெண்டிர் இதனைத் தம் தோழியரிடம் வெளிப்படையாகக் கேட்டு முடிவு செய்துவிடுவர். ஆடவரோ, கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டு, அன்று மாலை நிலைக்கண்ணாடியின் முன் நெடுநேரம் நிற்பர். ஆள் பாதி ஆடை பாதி என்னும் பழமொழி அவர்களையும் விட்டுவைப்பதில்லை. சிங்கப்பூர்த் தமிழரின் அலமாரியில் வேட்டியும் உண்டு. பாத்திக் சட்டையும் உண்டு. கோட்டும் கழுத்துப்பட்டையும் உண்டு. இவை ஒவ்வொன்றின் பின்னும் ஒரு வரலாறு நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நகரத் தெருவில் எதிரே வரும் தமிழர் இன்ன தொழிலர் என்பதைத் தொலைவிலேயே சொல்லிவிடலாம். மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் வட்டித் தொழில் நடத்திய நகரத்தார், மேலுடம்பில் திருநீறும் இடையில் தூய வெள்ளை வேட்டியுமாகப் பெட்டியடியில் அமர்ந்திருந்தனர். தமிழ் முஸ்லிம் வணிகர் கைலியும் தொப்பியும் அணிந்தனர். துறைமுகத்திலும் சாலைப் பணியிலும் உழைத்தோர்க்கு இடையில் ஒரு துண்டும் தலையில் ஒரு முண்டாசுமே உடை. காக்கி அரைக்காற்சட்டை பின்னர் வந்தது. அலுவலகங்களில் எழுத்தராயிருந்த யாழ்ப்பாணத் தமிழரும் பிறரும் கழுத்து வரை பொத்தானிட்ட வெள்ளைக் கோட்டு அணிந்தனர். மலாய் மொழியில் பாஜு துத்துப் எனப்பட்ட அதனை ஆங்கில அதிகாரிகளும் அணிந்தனர். இத்தனை வெள்ளையையும் வெளுத்துக் கொடுத்த இந்தியச் சலவைத் தொழிலாளரின் நினைவாகவே டோபி காட் என்னும் பெயர் இன்றும் நிற்கிறது.

வேட்டியே தமிழர் உடை, காற்சட்டை அடிமைச் சின்னம் என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். வேட்டி உடுத்தும் உரிமைகூட எல்லாத் தமிழர்க்கும் ஒரே அளவில் கிடைத்ததன்று. 1930ஆம் ஆண்டு இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது விதித்த தடைகளுள் உடையைப் பற்றியவையும் இருந்தன. ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி அணிதல் கூடாது; சட்டை, கோட்டு, பனியன் எதுவும் கூடாது. மீறியோரின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. இத்தகைய ஓர் ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர், சிராங்கூன் சாலையில் தம் முதற்கூலியில் ஒரு சட்டை வாங்கி அணிந்தார் எனில், அது வெள்ளையரைப் பின்பற்றிய செயலா, மனிதராய் நிமிர்ந்த செயலா? 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தியடிகள் மேற்சட்டையைத் துறந்து அரையாடை பூண்டது உலகறிந்த செய்தி. ஆயினும், சட்டையைத் துறப்பதற்கும் முன்னர் அதனை அணியும் உரிமை இருத்தல் வேண்டுமன்றோ?

அவ்வுரிமை உணர்ச்சி இங்கு விரைவில் பரவிற்று. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாப் பயணம் மேற்கொண்டு சிங்கப்பூருக்கும் வந்தார். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, 1935இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். 1943இல் நேதாஜி இங்கு வந்தபின், இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தோட்டத் தொழிலாளரும் எழுத்தரும் ஒரே காக்கி உடையில் அருகருகே நின்றனர். 1959 ஜூன் 5ஆம் நாள் நகர மண்டபத்தில் பதவியேற்ற அமைச்சர்கள், கோட்டும் கழுத்துப்பட்டையும் இன்றி வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையுமாக நின்றபோது, ஆட்சியின் உடையே மாறியது.

இவற்றைவிட அமைதியாக உடை வேற்றுமையை அழித்த இடம் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூடம். சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவியது. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயர் தாங்கிய அப்பள்ளி, 1960இல் உயர்நிலை வகுப்புகளைத் தொடங்கி, நாட்டின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியாக விளங்கியது. கடைக்காரர் மகனும், துறைமுகத் தொழிலாளி மகனும், கோயிலுக்குச் செல்பவனும், பள்ளிவாசலுக்குச் செல்பவனும் அங்கு ஒரே சீருடையில் ஒரே வாங்கில் அமர்ந்தனர். வீட்டில் ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்து அணிந்த பிள்ளைக்கு அச்சீருடை ஒரு மறைப்பு. அவன் வறுமையைப் பிறர் காணாமற் காத்த திரை. பெற்றோர் ஆங்கிலப் பள்ளியை நாடவே மாணவர் தொகை குறைந்து, 1982இல் பள்ளி மூடப்பட்டது. அதன் கடைசி மாணவரே இன்று அறுபதை ஒட்டிய அகவையினர்.

அவர்தம் இளமையும் உடைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதுதான். எழுபதுகளில் நீண்ட முடி வளர்த்த ஆடவர்க்கு இறுதியிலேயே பணி செய்யப்படும் என்று அரசு அலுவலகங்களில் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. அன்று முடியை வெட்ட மறுத்து வாதிட்டவர் பலர்க்கு இன்று வெட்டுவதற்கே முடியில்லை!

மூடப்பட்ட பள்ளியின் மாணவர் கூடுமிடத்தில் கட்டடம் இராது, மணியோசை இராது, சீருடையும் இராது. நாற்பதாண்டு வாழ்க்கை ஒருவரை ஒரு திசையிலும் மற்றொருவரை வேறு திசையிலும் கொண்டுபோய் விட்டிருக்கும். சீருடை மறைத்து வைத்த வேற்றுமையை உடை மீண்டும் பறைசாற்றத் தொடங்குவது அந்நாளில்தான். விலையுயர்ந்த கோட்டுடன் ஒருவர் நுழையும்போது, வாடகை வண்டி ஓட்டிவிட்டு நேரே வந்த வகுப்புத் தோழர் தம் சட்டைக் கையைப் பார்த்துக்கொள்கிறார். அடுத்த ஆண்டு அவர் வருவதில்லை. ஏன் வரவில்லை என்று எவரும் கேட்பதுமில்லை.

உடையைக் கட்டளையாக்கினாலும் இதே தீங்குதான். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டியுடன் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வாயிலிலேயே தடுக்கப்பட்டார். அடுத்த மாதமே தமிழகச் சட்டமன்றம் அத்தகைய தடையை விலக்கிச் சட்டம் இயற்றியது. அது தக்க செயலே. ஆயின் அதன் மறுபக்கமாக, எல்லாரும் வேட்டியில்தான் வரவேண்டும் என்று அழைப்பிதழில் அச்சிடுதலும் முறையன்று.

நண்பரின் உதவியைச் சொல்லவந்த வள்ளுவர், உடை நெகிழும்போது விரைந்து செல்லும் கையை உவமை காட்டினார். அரைக்கச்சை இறுக்கிய மாணவர்க்கு அவ்வுவமையை விளக்க ஆசிரியர் படும் பாடு ஆசிரியரே அறிவர். ஒன்றுகூடலுக்கு உடை தேர்வோர் அக்கையின் வேலையைச் சற்று முன்னதாகவே செய்துவிடலாம். தோழர் நாணும்படி நேராமல் பார்த்துக்கொள்ளலாம். துவைத்துத் தேய்த்த வெள்ளை அரைக்கைச் சட்டையும் கருநிறக் காற்சட்டையும் எவரையும் தாழ்த்தமாட்டா. மாலை விருந்தாயின் நீள்கை பாத்திக் சட்டை தகும். மலாயரும் சீனரும் தமிழரும் ஒருங்கே அணிவது அது. வேட்டியில் பழகியவர் வேட்டியிலேயே வரட்டும்; பழகாதவர் அன்றுதான் தேக்காவில் வாங்கி முதன்முதலாகக் கட்டிப் பார்க்க வேண்டியதில்லை. கோட்டு வேண்டாம். நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே இருக்கும் ஊரில் அது வியர்வைக்கே உதவும்.

இன்னொன்று. சட்டையில் ஒரு பை இருத்தல் நலம். நாற்பதாண்டில் முகங்கள் மாறியிருக்கும். வாயிலில் கொடுக்கும் பெயரட்டையைச் செருகிக்கொள்ள இடம் வேண்டும். முதிய ஆசிரியர் எவரேனும் வந்திருந்தால், அருகில் வந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அவ்வட்டையைத்தான் முதலில் படிப்பார்.