விபத்து இழப்பீட்டு வழக்கு (செட்டிநாட்டு வட்டாரம்)

சாலையிலோ வேலைத்தலத்திலோ காயமுற்றவரும், உயிரிழந்தவரின் குடும்பத்தாரும் பண ஈடு கேட்டுத் தொடுக்கும் வழக்கு. சாலை விபத்து வழக்குக்குத் தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் ‘எம்.சி.ஓ.பி.’ என்பதே புழக்கப் பெயர். ஒரு சாலை விபத்திலிருந்து பெரும்பாலும் இரண்டு வழக்குகள் கிளைக்கின்றன: ஓட்டுநர் மீது காவல்துறை தொடுக்கும் குற்ற வழக்கு, பாதிக்கப்பட்டோர் தொடுக்கும் இழப்பீட்டு வழக்கு. இரண்டிலும் கூண்டேறுபவர்கள் அநேகமாக அன்றாடம் உழைத்துப் பிழைப்பவர்களே. ஆத்தங்குடி போன்ற ஊர்களின் மக்கள் இதற்காகக் காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை நீதிமன்றங்களுக்குப் போய்வருகின்றனர்.

தொடக்க காலம்: பிறர் தவறால் ஒருவர் இறந்தால் அவர் குடும்பம் ஈடு கேட்கலாம் என்ற உரிமையை 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டம் தந்தது. பேருந்துகள் வந்தது அதற்குப் பின்னர்: டி. வி. சுந்தரம் ஐயங்கார் மதுரைப் பக்கம் பேருந்துத் தொழிலில் இறங்கிய ஆண்டை 1911 என்றும் 1912 என்றும் இருவிதமாகக் குறிக்கிறார்கள்.

வேலைத்தல விபத்துக்கு 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தனி வழி வகுத்தது. இதில் முதலாளியின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியதில்லை; வேலையின்போது, வேலையினால் காயம் நேர்ந்தது என்று காட்டினால் போதும். ஆத்தங்குடித் தரைக்கல் செய்யும் பட்டறைகளுக்கு இது தொலைவான சட்டம் அன்று. கண்ணாடித் துண்டின்மேல் சட்டகத்தை வைத்து, அச்சின் அறைகளில் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை நடுங்காமல் தூக்கியெடுத்து, உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, ஈரக் கலவையால் மூடிக் கரண்டியால் நிரவுகிறார்கள். எல்லாம் கைவேலை. விரல் போனால் தொழிலே போயிற்று. அந்த விரலுக்கு 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை வருவாய் இழப்பைச் சதவீதமாகக் குறித்து வைத்திருந்தது.

தீர்ப்பாயங்களும் ஒரு தமிழ்நாட்டு வழக்கும்: 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 1956இல் செய்த திருத்தம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு வழிவிட்டது. ஆனால் ஓட்டுநரின் கவனக்குறைவை மெய்ப்பிக்கும் சுமை குறையவில்லை. குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானால் இழப்பீடும் கிடையாது என்ற வாதமும் நெடுங்காலம் எழுந்துகொண்டிருந்தது.

1980இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கு இங்குச் சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. பேருந்து ஒன்று, தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பட்டது. எட்டுப் பேர் அங்கேயே மாண்டனர், பலர் காயமுற்றனர். குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானார். அதைக் காட்டிப் பேருந்து நிறுவனம் பொறுப்பை மறுத்தது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் அதை ஏற்கவில்லை. ஒருவரைச் சிறைக்கு அனுப்பத் தேவையான கவனக்குறைவு வேறு, ஈடு கொடுக்கச் செய்யும் கவனக்குறைவு வேறு என்றார். நுட்பக் குறைகளைக் காட்டிப் பாதிக்கப்பட்டோரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்றும், போதிய தீர்ப்பாயங்களை அமைத்து விரைந்து தீர்க்க வேண்டும் என்றும் எழுதினார். கணவனை இழந்தவள் எத்தனை வாய்தாவுக்குத்தான் பேருந்து ஏறுவாள் என்பதை உணர்ந்து எழுதிய தீர்ப்பு இது.

தவறு யாருடையது என்று பாராமல் ஈடு தரும் ஏற்பாடு 1982இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்தது: உயிரிழப்புக்கு ₹15,000, நிரந்தர ஊனத்துக்கு ₹7,500. 1988ஆம் ஆண்டின் புதிய மோட்டார் வாகனச் சட்டம் இத்தொகைகளை முறையே ₹25,000, ₹12,000 ஆக்கியது. 1994இல் அவை மேலும் உயர்ந்தன.

ஓட்டுநர் குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது இழப்பீட்டு வழக்கில் எவ்வளவு செல்லும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அது தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது என்பது பொதுவான நிலை. ஆயினும் வலுவான சான்றாக எடுத்துக்கொண்ட தீர்ப்புகளும் உள்ளன. அலைச்சலுக்கு அஞ்சி ஒப்புக்கொள்ளும் ஓட்டுநருக்கு இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்ல வழக்கறிஞர் வேண்டும். வசதியற்றவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் கிடைக்க 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வகைசெய்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9 அன்று.

கணக்கிடும் முறை: உச்ச நீதிமன்றத்தின் சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) தீர்ப்புகளே இன்றைய அடிப்படை. மாதம் ₹10,000 ஈட்டிய, 32 வயதான, சுயதொழில் செய்த ஒருவர் இறந்தார் எனக் கொள்வோம். வருங்கால உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்த்தால் ₹14,000. அவரை நம்பியிருந்தவர்கள் நால்வர் என்றால், அவருடைய சொந்தச் செலவாகக் கால் பங்கு கழியும், மீதி ₹10,500. ஆண்டுக்கு ₹1,26,000. அந்த வயதுக்குரிய பெருக்கு எண் 16. ஆகவே ₹20,16,000, ஈமச்செலவு முதலியன தனி. சம்பளச் சீட்டே இல்லாத கல் பட்டறைத் தொழிலாளிக்கும் கட்டட வேலைக்காரருக்கும் வருமானத்தை மெய்ப்பிப்பதுதான் பெரும்பாடு. தீர்ப்பாயம் வைக்கும் உத்தேச வருமானத்தில் ஆயிரம் ரூபாய் குறைந்தால், மேற்சொன்ன கணக்கில் முடிவில் ₹2,01,600 குறைந்துவிடும்.

பேருந்து ஜப்தி: அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் காப்பீட்டு விலக்குப் பெறச் சட்டம் இடமளிக்கிறது, அப்போது ஈட்டைக் கழகமே கொடுக்க வேண்டும். காரைக்குடியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மருதுபாண்டியர் போக்குவரத்துக் கழகமும், 1997 பெயர் மாற்றத்துக்குப் பின் அதன் வழிவந்த கழகமும் இவ்வகையின. தீர்ப்பான தொகை வராவிட்டால் நிறைவேற்று மனு போடுகிறார்கள். நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்துக்கு வந்து, முன்கண்ணாடியில் உத்தரவை ஒட்டுகிறார். பயணிகள் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி அடுத்த வண்டிக்கு மாறுகிறார்கள். ஓட்டுநரே வண்டியை நீதிமன்ற வளாகத்துக்கு ஓட்டிச் சென்று மரத்தடியில் நிறுத்துகிறார். தமிழ்நாடெங்கும் பழகிப்போன காட்சி இது. பணம் கட்டியதும் வண்டி வெளியேறும்.

அண்மைக்காலம்: உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 அன்று தொடங்கியதால், மேல்முறையீட்டுக்குச் சென்னை செல்லும் செலவு சிவகங்கை மாவட்டத்தாருக்கு நீங்கியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம், இழப்பீட்டு மனுச் செய்ய ஆறு மாதக் காலவரம்பைத் திரும்பக் கொண்டுவந்தது. அது 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. உச்ச நீதிமன்றத்தில் அதை எதிர்த்து வழக்குகள் தொடரப்பட்டன. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டம், கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்துவதற்கான உச்சத் தண்டனையை இரண்டு ஆண்டிலிருந்து ஐந்தாக உயர்த்தியுள்ளது.