ஐந்து வயர் மோட்டார்

உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்பு பிளாஸ்டிக் கூடு. ஒரு முனையில் துளை போட்ட நாக்கு, மறுமுனையில் ஐந்து வயர்கள். 12 வோல்ட் கொடுத்தால் நாக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு வெளியே நீளும். பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தால் உள்ளே போய்விடும். கார்க் கதவைப் பூட்டித் திறக்கும் மோட்டார் இது. வேறு வித்தை எதுவும் இதற்குத் தெரியாது. எந்தக் காருக்கு என்று பெயர் எழுதிப் பிறந்ததும் இல்லை. அதனால்தானோ என்னவோ, சென்னை ஜி.பி. ரோட்டில் மாருதியின் கதவுக்குள் போகிற அதே சரக்கு, ஆக்லாந்தின் எப்சமில் பழைய கொரோலாவின் கதவுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இதன் முன்னோர்கள் பணக்காரர்கள். 1914-இல் ஸ்கிரிப்ஸ்-பூத் என்ற அமெரிக்கச் சொகுசுக் காரில் மின்சாரக் கதவுப் பூட்டு வந்தது. பிறகு வெகுகாலம் பேச்சில்லை. 1956-இல் பேக்கார்ட் அதை மீண்டும் கொண்டுவந்தது. மெர்சிடிஸ் மின்சாரத்தை நம்பாமல் காற்றை நம்பியது: எஞ்சின் உறிஞ்சும் விசையை ஒரு கலத்தில் சேமித்து, மெல்லிய குழாய்கள் வழியாகக் கதவுக்குக் கதவு அனுப்பிப் பூட்டியது. கேட்க அழகான யோசனை. ஆனால் எங்கோ ஒரு ரப்பர் வெடித்துக் காற்று கசிந்தால், எந்தக் கதவில் கோளாறு என்று தேடுவதற்குள் பொழுது போய்விடும். 1982-இல் பிரெஞ்சுக்காரர்கள் ரெனோ ஃபியூகோவில் தூரத்திலிருந்தே பூட்டும் ரிமோட்டைக் கொடுத்தார்கள். அதை உருவாக்கியவர் பால் லிப்ஷுட்ஸ்.

இவையெல்லாம் காரோடு சேர்ந்தே பிறந்த பூட்டுகள். நம் ஐந்து வயர்க்காரன் வந்தது, கம்பெனி அந்த வசதியைத் தராமல் விட்ட கார்களுக்காக. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 தொடக்கத்தில் உற்பத்தி நின்ற மாருதி 800 அப்படி ஒரு கார். இறங்குமுன் பின்சீட்டுப் பக்கம் உடம்பை முறுக்கித் திரும்பி, ஒவ்வொரு கதவாக அமுக்கிய தலைமுறை ஒன்று உண்டு. ஜி.பி. ரோட்டுக் கடைகள் அவர்களுக்கு ‘சென்ட்ரல் லாக்’ போட்டுக் கொடுத்தன. கொழும்பில் அதற்குப் பஞ்சிகாவத்தை.

எப்சமுக்கு முதலில் வந்தது கார். 1980-களின் கடைசியில் நியூசிலாந்து இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும், ஜப்பானில் ஓடிய கார்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. இரு நாட்டிலும் வண்டி சாலையின் இடப்பக்கம்தான் ஓடுகிறது. ஸ்டீயரிங்கை மாற்ற வேண்டியதில்லை. 1998-இல் கார்களுக்கான இறக்குமதித் தீர்வையும் போயிற்று. அதே ஆண்டில் தேம்ஸில் டொயோட்டா, பொரிருவாவில் மிட்சுபிஷி, நெல்சனில் ஹோண்டா, விரியில் நிசான் என்று உள்ளூரில் காரை ஒன்றுசேர்த்துக் கட்டிய ஆலைகள் எல்லாம் நின்றன. வந்த கார்களை இங்கே யாரும் லேசில் கைவிடுவதில்லை. நாட்டில் ஓடும் கார்களின் சராசரி வயது ஏறக்குறைய 14.

எப்சம் ஏழைகளின் பேட்டை இல்லை. ஈடன் மலைக்கும் ஒற்றை மரக் குன்றுக்கும் நடுவே, மனுகாவ் ரோட்டை ஒட்டிய ஊர். ஆக்லாந்து கிராமர், எப்சம் பெண்கள் கிராமர் ஆகிய பள்ளிகளின் எல்லைக்குள் இடம்பிடிக்கவே வாடகையைக் கொட்டிக் கொடுக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. அந்த வாடகைக்குப் பிறகு புதுக் காருக்குக் கையில் என்ன மிஞ்சும்? பிள்ளைகளைப் பள்ளியில் விடும் நேரத்து மழையில், நாலு கதவையும் ஒவ்வொன்றாகப் பூட்டியவர்களுக்குத்தான் இந்த மோட்டாரின் அருமை தெரியும்.

மாட்டுகிற வேலையில் மின்சாரம் கொஞ்சம், பொறுமைதான் அதிகம். முதல் தடை கண்ணாடி இறக்கும் கைப்பிடி. அதன் அடியில் குதிரை லாட வடிவில் ஒரு கிளிப் ஒளிந்திருக்கும். கைப்பிடிக்குப் பின்னால் துணியை விட்டு இரு பக்கமும் மாறி மாறி இழுத்தால் துள்ளிக்கொண்டு வெளியே வரும். பறந்து போகாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்து, கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் டோர் பேட். இருபது வயதுப் பிளாஸ்டிக் கிளிப்புகளில் சில உடையத்தான் செய்யும், முன்னதாகவே வாங்கி வைப்பது நல்லது. பேடுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிபவர்களை மன்னிக்க முடியாது. கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு. அது பேடை நனைக்காமல் காப்பது அந்தத் தாள்தான்.

உள்ளே, பூட்டும் குமிழிலிருந்து, கதவைப் பிடித்து நிறுத்தும் லாட்ச் வரை ஒரு மெல்லிய ராடு ஓடும். மோட்டாரின் நாக்கை அந்த ராடோடு ஒரே நேர்கோட்டில் பிணைக்க வேண்டும். அரை அங்குலம் கோணிப்போனால் ராடு இறுகும், மோட்டார் முனகும். கண்ணாடியை முழுக்க இறக்கிப் பார்க்காமல் ஸ்குரூவை முடுக்கவே கூடாது. கண்ணாடி வந்து இறங்கும் இடமும் அதுதான்.

ஐந்து வயரில் நீலமும் பச்சையும் மோட்டாரை ஓட்டுகின்றன. வெள்ளை, பழுப்பு, கறுப்பு மூன்றும் உள்ளே இருக்கும் சுவிட்சுக்குரியவை. ஓட்டுநர் கதவில் சாவியைத் திருப்பினால் ராடு நகரும், அதோடு நாக்கும் நகரும், சுவிட்ச் மாறும். மோட்டார்களோடு சேர்த்து மாட்டும் கன்ட்ரோல் பெட்டி அதைக் கண்டு மற்றக் கதவுகளுக்கு ஒரு நொடிக்கும் குறைவாக மின்சாரத்தைத் தள்ளும். மற்றக் கதவுகளில் இருப்பவை இரண்டே வயர் கொண்ட தம்பிகள். சொன்னதைச் செய்வார்கள், தாமாக எதையும் சொல்லமாட்டார்கள்.

ஓர் எச்சரிக்கை. வெளிக் கைப்பிடியைத் தூக்கிப் பிடித்தபடி ஓட்டுநர் கதவைச் சாத்திப் பூட்டும் பழக்கம் பழைய ஜப்பான் கார்க்காரர்களிடம் உண்டு. சாவி உள்ளே இருந்தால், முன்பு திறந்து கிடந்த பின்கதவு ஒன்று காப்பாற்றியிருக்கும். இனி நாலும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும்.

நியூசிலாந்தில் 2000-க்கு முன் பதிவான கார்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ‘வாரன்ட்’ என்னும் வாகனத் தகுதிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதை 2014-இல் வந்த விதி அப்படியே வைத்துக்கொண்டது. மோட்டார் ஓடுகிறதா என்று அங்கே கேட்பதில்லை. கதவு ஒழுங்காகத் திறந்து மூடுகிறதா என்று பார்ப்பார்கள். ஆகவே ஃபியூஸைக் கழற்றிவிட்டு, குமிழ் விரலால் லேசாக நகர்கிறதா என்று பார்த்த பிறகே பேடை மாட்ட வேண்டும்.

பூட்டு மோட்டாரை லாட்ச்சுக்குள்ளேயே அடைத்து வரும் கார்களிலும் அந்த மோட்டார் ஒருநாள் சாகும். கம்பெனி முழு லாட்ச்சையும் வாங்கச் சொல்லும். அப்போதும் சிலர் இந்த வெளியாளைத்தான் ராடில் கட்டிச் சமாளிக்கிறார்கள். ஆனால் பிந்திய கார்கள் பலவற்றில் ராடு இல்லை, உறைக்குள் ஓடும் கேபிள்தான். அதில் இந்த நாக்குக்குப் பிடிமானம் கிடையாது. அங்கே முழு லாட்ச்சையும் வாங்குவதுதான் வழி.