அசையாமை வேறு, வலியின்மை வேறு: பெரும்பூனைகளுக்கான மயக்க மருத்துவத்தின் வளர்ச்சி

சுருக்குக் கம்பியில் கால் அறுபட்ட சிறுத்தைக்கு அறுவை செய்ய இரண்டு நிபந்தனைகள் உண்டு: அது அசையக் கூடாது, அதற்கு வலிக்கவும் கூடாது. முதலாவது கைகூடி வெகுகாலத்துக்குப் பிறகே இரண்டாவதன்மீது மருத்துவர்களின் கவனம் திரும்பியது.

1950களில் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் மான்களைப் பிடிக்க உருவான ஊசித் துப்பாக்கியும், நியூசிலாந்தில் காலின் மர்டாக் வடிவமைத்த கருவிகளும் தொலைவிலிருந்தே மருந்து செலுத்த வழி செய்தன. ஆனால் தொடக்ககால ஊசிகளில் இருந்தவை பெரும்பாலும் மயக்க மருந்துகளே அல்ல. சக்சினைல்கோலின், நரம்பின் கட்டளை தசையை இயக்கவிடாமல் செய்யும்; அவ்வளவுதான். விலங்கு முழு நினைவோடு சாயும். மூச்சுத் தசைகளும் முடங்குவதால் அளவு சற்று மிஞ்சினால் உயிர் போகும். கத்தி பட்டால் துடிக்காது, உறுமாது, அத்தனையும் உணரும். இதை மயக்கம் என்று அழைத்தது அக்காலத்தின் பெரும் பிழை. மலைச்சிங்கங்களை ஆராய்ந்த மாரிஸ் ஹார்னாக்கரும் சகாக்களும் 1965இல் வெளியிட்ட கட்டுரையில் சக்சினைல்கோலினோடு பென்டோபார்பிட்டல் என்ற உறக்க மருந்தும் சேர்ந்திருப்பது கவனிக்கத்தக்கது.

திருப்பம் மனித மருத்துவம் கைவிட்ட மருந்தால் வந்தது. பார்க்-டேவிஸ் நிறுவனத்தில் 1956இல் உருவான பென்சைக்ளிடின், நோயாளிகளை விழிக்கும்போது பிதற்ற வைத்ததால் ஒதுக்கப்பட்டு, விலங்குகளிடம் வந்து சேர்ந்தது. அதன் வழித்தோன்றலான கெட்டமைன் 1962இல் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. கெட்டமைன் வலியையும் ஓரளவு மட்டுப்படுத்தும். எனினும் தனியே தந்தால் தசை விறைக்கும், வலிப்பும் வரலாம். அதனால் தசையைத் தளர்த்தும் சைலசின் துணை சேர்ந்தது. ஜெர்மனியின் ஹெலாபுருன் விலங்குக்காட்சிச் சாலையின் பெயரில் வழங்கும் கலவை இவ்விரண்டின் கூட்டே. நேபாளத்தின் சித்வனில் புலிகளையும் சிறுத்தைகளையும் பிடிக்க 1970களில் கெட்டமைனின் உறவான டைலெட்டமைனும் தசை தளர்த்தும் சோலசெபாமும் சேர்ந்த கூட்டு பயன்பட்டது. புலிகளில் பின்னர் நரம்புக் கோளாறுகள் தோன்றியதாகச் செய்திகள் வர, அம்மருந்தின் குறிப்புத்தாளிலேயே புலிக்கு எதிரான எச்சரிக்கை இடம்பெற்றது.

சைலசின், அதே வகையைச் சேர்ந்த மெடெடோமிடின் ஆகியவற்றின் விளைவை முறிக்கும் அட்டிபமசோல் வந்தபின் விலங்கை விரைவில் எழுப்ப முடிந்தது. களப்பணியாளருக்கு அது வரம். ஆனால் மெடெடோமிடின் தந்திருந்த வலிநிவாரணமும் அதோடு போய்விடும். எலும்பு முறிவுக்கு அறுவை முடிந்த சிறுத்தையை வேறு வலிநிவாரணி எதுவும் தராமல் எழுப்புவது, மருத்துவம் பாதியிலேயே நின்றதற்குச் சமம்.

வலிநிவாரணிகளிலும் பூனைக் குடும்பத்துக்கு எல்லை உண்டு. பாரசிட்டமாலைச் சிதைக்க வேண்டிய கல்லீரல் நொதி அக்குடும்பத்தில் செயலிழந்துபோனது; நமக்குச் சாதாரணமான மாத்திரை அவற்றுக்கு நஞ்சு. மார்ஃபின் பூனையை வெறிகொள்ளச் செய்யும் என்ற அச்சமும் நெடுநாள் நிலவியது. அது பெருமளவு மிகை மருந்தின் விளைவு என்று தெளிந்தபின் மார்ஃபின் வகையைச் சேர்ந்த புப்ரெனார்பின் போன்றவை நுழைந்தன. அறுவைக்கு முன் நரம்பைச் சுற்றி மரத்துப்போகச் செய்யும் ஊசி, உட்சுவாச வாயுவாக ஐசோஃபுளுரேன், சிறுநீரகம் நலமாக இருந்து உடலில் நீர்ச்சத்தும் குறையாதிருந்தால் அளவறிந்து வீக்கம் தணிக்கும் மெலாக்சிகாம் என்ற கூட்டுமுறை இப்படித்தான் உருவானது.

வலியை அளப்பது மட்டும் பின்தங்கியே இருக்கிறது. மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட அளவுகோல் காது, கண், மூக்கு-வாய்ப் பகுதி, மீசை, தலைநிலை ஆகியவற்றைப் பார்த்து மதிப்பெண் தருகிறது. அது வீட்டுப் பூனைக்கானது. கூண்டருகே மனிதன் நின்றாலே காட்டுச் சிறுத்தை தன் தளர்ச்சியை மறைத்துச் சீறும். முகத்தைப் படித்துக் காத்திருப்பதைவிட, மருந்தின் வீரியம் தீரும் நேரத்தைக் கணக்கிட்டு அடுத்த ஊசியை முன்கூட்டியே கொடுப்பதே ஏற்றது.