பணியின் வளர்ச்சியைக் கண்ணாற் காணல்

புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டித் தீபகற்பத்தின் கரையில் அமைந்த சிற்றூர் நுரைச்சோலை. மீன்பிடியும் தோட்டச் செய்கையுமே அதன் பழைய தொழில்கள். 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே நிலக்கரி மின்னிலையம் ஒன்றை நிருமாணிக்கும் வேலை ஆரம்பமாயிற்று. 2011 மார்ச்சில் 300 மெகாவாற்று ஆற்றலுடைய முதலாம் அலகு இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்று அலகுகளும் நிறைவெய்தி, மொத்த ஆற்றல் 900 மெகாவாற்று ஆயிற்று. அவ்வாண்டுகளில் கடலுக்குச் சென்று மீளும் மீனவர், வேலை எவ்வளவு நடந்தது என்று எவரையும் வினவ வேண்டியதில்லை. எழும்பிவந்த புகைபோக்கியே அதனை அறிவித்தது.

எல்லாப் பணியும் இவ்வாறு கண்ணுக்குப் புலனாவதில்லை. கணினிக்கு மென்பொருள் ஆக்குவோரின் பணி அத்தகையது. அங்கே சுவரும் இல்லை, தூணும் இல்லை. எழுத்துகளாலான கட்டளை வரிகளே உண்டு. ஆயிரம் வரி எழுதியவன் பாதி வழி வந்தவனா, தொடங்கிய இடத்திலேயே நிற்பவனா என்பதைப் பிறர் அறிதல் அரிது. அவனே அறிதலும் அரிது.

பணியின் வளர்ச்சியைப் படமாக வரையும் முயற்சி பழையது. 1896இல் போலந்து நாட்டுப் பொறியியலாளர் கரோல் அடமியெக்கி அத்தகைய வரைபடம் ஒன்றை வகுத்தார். பின்னர் அமெரிக்கரான ஹென்றி காண்ட் வகுத்த பட்டை வரைபடம் உலகெங்கும் பரவிற்று. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை. பட்டையின் நீளமே காலம். 1958இல் அமெரிக்கக் கடற்படை, பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கென, எவ்வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்பதைக் காட்டும் வலைப்பின்னல் முறையைக் கைக்கொண்டது.

கல்லும் இரும்பும் கொண்ட வேலைக்கு இவை நன்கு பயன்பட்டன. மென்பொருளிலோ அவை தடுமாறின. ஐபிஎம் நிறுவனத்தின் பெருந்திட்டமொன்றை நடத்திய பிரெட் புரூக்ஸ், தம் அனுபவத்தை 1975இல் நூலாக எழுதினார். பிந்திப்போன மென்பொருள் வேலைக்கு மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்பது அவர் கண்ட உண்மை. செலவான நாளும் உழைத்த ஆளும் வளர்ச்சிக்கு அளவுகோல் அல்ல என்பது அதனால் தெளிவாயிற்று.

நிரல் எழுதுவோர் தம் கருவிகளிடம் வேண்டியதும் பெரும்பாலும் பார்வையே. 1969இல் கென் தாம்சன் ஆக்கிய ‘எட்’ என்னும் திருத்தி, தாளில் அச்சிடும் தொலையச்சுப்பொறிக் காலத்துக்கு உரியது. அதில் கேட்ட வரிகள் மட்டுமே அச்சாகும். 1976இல் பில் ஜாய் ஆக்கிய ‘விஐ’ திரை நிறைய வரிகளைக் காட்டிற்று. அவ்விருப்பம் அத்துடன் அடங்கவில்லை. 1992இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஐக் முதலியோர் ‘சீசொஃப்ட்’ என்னும் முறையை விவரித்தனர். ஒவ்வொரு நிரல் வரியும் மெல்லிய கோடாகத் தோன்றும். அண்மையில் மாற்றப்பட்டது எது, நெடுங்காலம் தொடப்படாதது எது என்பதை நிறமே உணர்த்தும். ஐம்பதினாயிரம் வரிகளை ஒரே திரையில் காணலாம். அடிக்கடி திருத்தப்படும் பகுதி, நிறத்தாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்தது.

2000ஆம் ஆண்டளவில் வேறொரு படமும் வழக்கிற்கு வந்தது. முடிந்ததை ஏறுகோடாக வரையாமல், எஞ்சியதை இறங்குகோடாக வரைவது அது. கோடு இறங்காத நாளில் எவரும் சாக்குச் சொல்லி மறைக்க இயலாது.

எஞ்சியதை அறிதல் எத்துணை இன்றியமையாதது என்பதை இலங்கை 2004 திசம்பரில் கண்டது. கடற்கோளுக்குப் பின், இந்நாட்டு நிரலாளர் தொண்டர்களாகக் கூடி ‘சகனா’ என்னும் மென்பொருளை ஆக்கினர். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள் ஆகியவற்றைப் பதிவுசெய்வது அதன் வேலை. அங்கே எஞ்சியிருந்தது வெறும் வேலையன்று, தேடப்படும் மனிதர்.

நுரைச்சோலைக்கே திரும்பினால், அங்கும் இப்பாடம் உண்டு. அடித்தளம் இடப்படுமுன்னரே அத்திட்டம் நெடுங்காலம் எதிர்ப்பைச் சந்தித்தது. மீனவர் தம் தொழிலுக்காகவும், கத்தோலிக்கர் அண்மையிலுள்ள தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்காகவும் கவலையுற்றனர். நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னரும் பழுதுகளால் மின்னுற்பத்தி பலமுறை தடைப்பட்டது. புகைபோக்கி முழு உயரத்துக்கு எழுந்து நின்றபோதும், எஞ்சிய வேலையை அது காட்டவில்லை.