குரல் என்னுது, வாய் யாருது?

முதல் வருஷம் இரண்டாவது செமஸ்டரில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஒரு பாட்டு வீடியோவை எடுத்துக்கொண்டு ஷாட் ஷாட்டாகப் பிரித்து எழுத வேண்டும்: கேமரா எங்கே இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, வெட்டு தாளத்தில் விழுகிறதா தாளத்துக்கு முன்னாலேயே விழுகிறதா. அது முடிந்ததும் மூன்று நிமிடத்துக்கு நாங்களே ஒரு பாட்டு எடுத்துக் காட்ட வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் அனிருத் பக்கம் போனார்கள். நான் ‘என்ஜாய் எஞ்சாமி’யை எடுத்தேன். பெரிய யோசனை ஒன்றும் இல்லை. அது வந்த வருஷம் திருப்போரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து செல்போன் கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை அதுதான் ஓடியது. ஷாட் எண்ணாமலேயே எனக்குப் பாதி மனப்பாடம்.

பிரித்து எழுதும் வேலையை இரண்டு ராத்திரியில் முடித்துவிட்டேன். எடுக்கிற வேலையில்தான் மாட்டிக்கொண்டேன். என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கதை எனக்கே வீடியோவை எடுத்துத் தப்புச் செய்த பிறகுதான் தெரிந்தது.

தமிழில் பேசும் படம் 1931 அக்டோபர் 31ஆம் தேதி சென்னையில் ரிலீஸான ‘காளிதாஸ்’ படத்தில் தொடங்குகிறது. டி.பி. ராஜலட்சுமி நடித்தார், அவரேதான் பாடினார். வேறு வழியும் கிடையாது. பாட்டும் படமும் ஒரே நேரத்தில் பதிவாக வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் ஃபிரேமுக்கு வெளியே ஒளிந்து உட்கார்ந்து வாசிப்பார்கள். பாடுகிறவர் மைக்கை விட்டு நகர முடியாது, கேமராவும் நகராது. இன்றைக்கு அந்தக் காலத்துப் பாட்டுக் காட்சிகளைப் பார்க்கிறவர்களுக்கு ‘என்னடா, தூணு மாதிரி நிக்கறாங்க’ என்று சிரிப்பு வரும். ஆனால் ஒன்று, குரலும் வாயும் அப்போது ஒரே ஆளுடையவை. பாடத் தெரியாதவருக்கு நடிப்பு கிடையாது. அதுவும் ஒரு அநியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

1938இல் ஏ.வி. மெய்யப்பன் ‘நந்தகுமார்’ படத்தில் லலிதா வெங்கட்ராமனைப் பாடவைத்து, வேறொரு நடிகைக்கு அந்தக் குரலைக் கொடுத்தார். தமிழில் பின்னணி பாடுவதற்கு அதைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். 1945இல் அதே மெய்யப்பனின் ‘ஸ்ரீவள்ளி’. எங்கள் ஊர் கந்தசாமிக்குச் சொந்தமான கதை, வள்ளி திருமணம். டி.ஆர். மகாலிங்கம் முருகன், குமாரி ருக்மிணி வள்ளி. ருக்மிணி பாடி நடித்து முடித்த பிறகு, பாட்டு மெய்யப்பனுக்குத் திருப்தியாக இல்லை. பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, ஏற்கனவே படமாகிவிட்ட ருக்மிணியின் உதட்டசைவோடு பொருத்தினார். இப்போது நாம் பாட்டை முதலில் பதிவு செய்துவிட்டு, அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டு வாயசைக்க வைக்கிறோம். பெரியநாயகி தலைகீழாகச் செய்திருக்கிறார். அசைந்து முடித்த வாய்க்குள் தன் குரலை நுழைக்க வேண்டும். லிப் சிங்க் ஒரு ஃபிரேம் தள்ளினாலே எங்கள் சார் கண்டுபிடித்துவிடுவார். அந்தக் காலத்து வசதியில் அதை எப்படிச் செய்தார்கள் என்று யோசித்தால் மலைப்பாக இருக்கிறது.

குரலும் வாயும் பிரிந்ததில் கேமராவுக்குத்தான் லாபம். மைக்கோடு கட்டிப்போட்டிருந்த கயிறு அறுந்தது. கேமரா மரத்தில் ஏறலாம், ஆற்றில் இறங்கலாம், கிரேனில் தொங்கலாம். ‘சந்திரலேகா’வின் முரசு நடனம் 1948இல் சாத்தியமானது இதனால்தான். 1977இல் ‘16 வயதினிலே’வில் நிவாஸ் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போனதும், 1988இல் ‘அக்னி நட்சத்திர’த்தில் பி.சி. ஸ்ரீராம் விளக்கைத் துடிக்கவிட்டதும் இதே வழியில் வந்தவைதான். அமெரிக்காவில் எம்டிவி ஆரம்பித்தது 1981 ஆகஸ்ட் 1ஆம் தேதி. அதற்குப் பல வருஷம் முன்னாடியே நம்மிடம் பாட்டுப் படம் எடுக்கிற தொழில் முழுசாக இருந்தது. தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்த்து வளர்ந்த எங்க அம்மா தலைமுறைக்கு மியூசிக் வீடியோ என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேமராவுக்கு லாபம், சரி. பெயருக்கு? 1949இல் ‘மஹல்’ என்ற இந்திப் படம் வந்தது. லதா மங்கேஷ்கரைப் பெரிய ஆளாக்கிய பாட்டு அதில்தான் இருக்கிறது. அந்தப் பாட்டின் இசைத்தட்டில் பாடியவர் பெயர் ‘காமினி’ என்று அச்சிட்டிருந்தார்கள். காமினி யார் என்றால் படத்தில் மதுபாலா நடித்த கதாபாத்திரம். இல்லாத ஒரு பெண்ணின் பெயரைப் பாடியவராகப் போட்டிருக்கிறார்கள்! யார் பாடியது என்று கேட்டு ரேடியோவுக்குக் கடிதங்கள் வந்த பிறகுதான் லதாவின் பெயர் வெளியே வந்தது. தட்டிலேயே பெயர் இல்லாத லதா கடைசியில் லதாவாகிவிட்டார். அப்படி ஆகாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரிய வாய்ப்பில்லை, ஏனென்றால் பெயரே இல்லையே.

நடுவில் இருபது முப்பது வருஷத்தைத் தாண்டுகிறேன். 2011 நவம்பர் 16ஆம் தேதி ‘கொலவெறி’ வந்தது. ‘3’ படத்துக்கான பாட்டு, ஆனால் முதலில் வந்த வீடியோவில் படக்காட்சி கிடையாது. ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் தனுஷ் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பாடுகிறார், பக்கத்தில் அனிருத். அவ்வளவுதான். இதில் படம் பிடிக்கிற வித்தை ஒன்றும் பெரிதாக இல்லை என்று எங்கள் வகுப்பில் ஒருத்தன் சொன்னான். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. 1938இல் பிரிந்த குரலும் வாயும் அந்த வீடியோவில் திரும்ப ஒட்டிக்கொள்கின்றன. பாடுகிறவனே தெரிகிறான்.

அதற்குப் பிறகு வந்த நல்ல தனிப்பாட்டு வீடியோக்களில் பாடுகிற ஆளே முன்னால் வந்து நிற்கிறார். 2015இல் சோஃபியா அஷ்ரஃப் கொடைக்கானல் பாதரசத் தொழிற்சாலையைப் பற்றிப் பாடிய வீடியோ அப்படித்தான். அது வந்து ஒரு வருஷத்துக்குள், 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன். அந்தத் தொழிலாளர்கள் பதினைந்து வருஷமாகப் போராடிக்கொண்டிருந்தார்கள். 2017 பொங்கலுக்கு ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ வந்தது. கபேர் வாசுகி எழுத்து, டி.எம். கிருஷ்ணா பாட்டு, கொடைக்கானல் வீடியோவை எடுத்த அதே ரதீந்திரன் ஆர். பிரசாத் இயக்கம். கர்நாடக சங்கீதம் பாடுகிற ஒருவர் சபா மேடையை விட்டுவிட்டு எண்ணூர் கழிமுகத்தில், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் பின்னால் தெரியப் பாடுகிறார். படம் பிடிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வீடியோவில் பின்னணி என்று எதுவும் கிடையாது. வழக்கமான பாட்டில் மலையும் கடலும் ஹீரோவுக்குப் பின்னால் தொங்குகிற திரைச்சீலை. இங்கே பின்னால் இருக்கிற சாம்பல்தான் பாட்டின் விஷயம், பாடகர் அதைக் காட்டுவதற்காக நிற்கிறார். அதனால் ஃபோகஸ் இரண்டிலும் இருந்தாக வேண்டும். லென்ஸைத் திறந்துவைத்துப் பின்னணியை வெண்ணெயாக உருக்கினால் பாட்டு செத்துப்போகும். நாங்களெல்லாம் கேமரா கையில் வந்ததும் முதலில் செய்வது அந்த வெண்ணெய்தான்.

இந்த வரிசையில்தான் 2021 மார்ச் 7ஆம் தேதி ‘என்ஜாய் எஞ்சாமி’ வருகிறது. தீயும் அறிவும் பாடினார்கள், சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு, வீடியோவை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். அரக்கோணத்துக்காரரான அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பி வந்தவர். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவானது. அந்தப் பேரைப் பங்கு பிரித்தபோது அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. வள்ளியம்மாள் பாட்டி வீடியோவில் வருகிறார். என் ஷாட் பட்டியலில் அவர் வரும் இடத்துக்கு நேரே ‘கீழ்க்கோணம், கம்பீரம்’ என்று மட்டும் எழுதிவைத்திருந்தேன். மார்க் வந்தது.

பாட்டுக்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2021 ஆகஸ்டில் ஒரு பிரபல இசைப் பத்திரிகை இந்தப் பாட்டின் பெயரைச் சொல்லி அட்டைப்படம் போட்டது. அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. பா. ரஞ்சித் கேட்டார், இணையமே கேட்டது. பிறகு அறிவுக்கும் ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. அடுத்த வருஷம் செஸ் ஒலிம்பியாட். போட்டி நடந்தது எங்கள் ஊருக்குப் பக்கத்தில், மாமல்லபுரம் பூஞ்சேரியில். ஊரே செஸ் கட்டம் போட்ட பேனராக இருந்த நேரம். தொடக்க விழா ஜூலை 28ஆம் தேதி சென்னை நேரு ஸ்டேடியத்தில். அங்கே தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் ‘எஞ்சாமி’ பாடினார்கள். மாரியம்மாள் பாடினது எனக்குப் பிடித்தது, அதை மறைக்க மாட்டேன். சில நாள் கழித்து அறிவு, இந்தப் பாட்டை உருவாக்கி எழுதிப் பாடியது தான் என்று பதிவிட்டார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள். யார் எவ்வளவு மெட்டுப் போட்டார்கள் என்று தீர்ப்புச் சொல்ல நான் அந்த அறையில் இல்லை. ஆனால் ஒரு பாட்டு பெரிதாகப் பெரிதாக அதன் மேல் ஒட்டியிருக்கிற பெயர்கள் எப்படி உரசி உதிர்கின்றன என்று கண் முன்னால் பார்த்தோம்.

நாங்களும் அறிவுக்காக ஸ்டேட்டஸ் போட்டோம். போட்ட அதே கையால்தான் அடுத்த வருஷம் இந்த வீடியோவை எடுத்தேன்.

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற ரோட்டில் உப்பளங்கள் இருக்கின்றன. அங்கே எடுப்பது என்று முடிவு. நண்பன் ஒருத்தன் லேப்டாப்பில் பீட் போட்டிருந்தான். இடம் பார்க்கப் போன அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், எங்களோடு பேச்சுக் கொடுத்தார். சின்ன வயதில் நடவுக்குப் போனவர். அந்த வயலெல்லாம் பிளாட் ஆகிவிட்டது. “பாட்டு எடுக்கறீங்களா தம்பி? எங்க காலத்துல நட்டுக்கினே பாடுவோம்” என்று ஒரு நடவுப் பாட்டைப் பாடிக் காட்டினார். நண்பன் செல்போனில் பதிவு செய்துகொண்டான். வீட்டுக்குப் போய் பீட்டுக்கு மேல் வைத்தான். அப்படியே உட்கார்ந்துகொண்டது.

எடுக்கிற நாளில் எங்கள் கவலையெல்லாம் வெளிச்சம்தான். உப்பு கண்ணாடி மாதிரி. பதினோரு மணி வெயிலில் முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் அம்பாரம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும், உப்புக்கு வைத்தால் முகம் கரி. சாயங்காலம் நாலரைக்கு மேல்தான் சரிவந்தது. ஸ்லோமோஷனில் வாயசைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: நொடிக்கு 50 ஃபிரேமில் எடுக்க வேண்டும், ஸ்பீக்கரில் பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட வேண்டும். நடிப்பவர் கிளி மாதிரி வேகமாக வாயசைப்பார். எடிட்டிங்கில் 25 ஃபிரேமாக்கினால் நடை மெதுவாகும், வாய் மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்தும். இந்தக் கணக்கை நானே போட்டு வெற்றி பெற்றதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. வாயசைத்தது எங்கள் வகுப்புப் பெண். நன்றாகவே செய்தாள். அந்த அம்மாவையும் விடவில்லை. தலையில் கூடையோடு வரப்பில் நடக்கச் சொல்லி, தூரத்திலிருந்து நிழலுருவமாக எடுத்தோம். ஐந்து டேக். ஆறாவது கேட்டபோது, “உப்ப கொட்டிட்டு வரேன், கழுத்து நோவுது” என்றார்.

வகுப்பில் கைதட்டல். கடைசியில் ஓடிய பெயர்கள்: எழுத்தும் இயக்கமும் நான், இசை நண்பன், நடிப்பு அந்தப் பெண். சார் இரண்டு இடத்தில் நிறுத்தி, ‘இந்த வெட்டு நல்லா இருக்கு’ என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காட்டிவிட்டு வரலாம் என்று பெருமையோடு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வெயிலில் ஸ்கிரீன் தெரியவில்லை. முந்தானையைத் தலைக்கு மேல் கூடாரம் மாதிரி பிடித்துக்கொண்டு பார்த்தார். பக்கத்தில் வேலை செய்த இரண்டு பெண்களும் தலையை உள்ளே நுழைத்தார்கள். முழுசாகப் பார்த்தார். திரும்ப ஒருமுறை போடச் சொன்னார். பிறகு கேட்டார்: “குரல் என்னுதாச்சே. வாய் யாருது?”

கோபமெல்லாம் இல்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். கூட இருந்த பெண் ஒருத்தி, “சினிமால அப்பிடித்தாங்கா செய்வாங்க” என்று எனக்காக வாதாடினாள். அதுதான் இன்னும் சங்கடமாகப் போயிற்று. அவள் சொன்னது சரிதானே. 1945இல் ருக்மிணிக்குப் பெரியநாயகி. 2023இல் நான். ருக்மிணிக்காவது தன் வாயில் வேறு குரல் ஏறியது தெரிந்திருக்கும்.

அந்த அம்மாவின் பெயரே எனக்கு அதுவரை தெரியாது. ‘அம்மா’ என்று கூப்பிட்டே இரண்டு நாள் ஓட்டியிருக்கிறேன். மரியாதை மாதிரி இருந்தது, வசதியாகவும் இருந்தது.

மறுபடி எடுத்தோம். இந்த முறை மார்க் கிடையாது, செமஸ்டர் முடிந்துவிட்டது. ஸ்லோமோஷன் வேண்டாம் என்று விட்டேன். பீட்டை நண்பன் அவனாகவே பாதிக்கு மேல் எடுத்துவிட்டான். உப்பு வாரும் பலகையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா வரப்பில் உட்கார்ந்து பாடினார். ஸ்பீக்கர் இல்லை, வாயசைப்பு இல்லை, அங்கேயே ஒலியும் படமும் ஒன்றாக. காற்று மைக்கில் அடித்தது, தூரத்தில் ஒரு லாரி ஹாரன் விழுந்தது. கேமராவை நகர்த்தவில்லை. நகர்த்தினால் மைக் தெரியும். ‘காளிதாஸ்’ காலத்துக்கே திரும்பிப் போனது போல இருந்தது. படமாகப் பார்த்தால் முதல் வீடியோதான் அழகு, இதை இப்போதும் சொல்வேன். இரண்டாவதில் வெளிச்சம் தட்டை. ஒரு இடத்தில் அவர் பாட்டை நிறுத்திவிட்டு, வரப்பில் வந்த யாரையோ பார்த்து, “இரு, வரேன்” என்கிறார். அதை வெட்டவில்லை.

பெயர் போடப்போகிறேன், எப்படி எழுதட்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். இனிஷியலுக்கு வீட்டுக்காரர் பெயரா அப்பா பெயரா என்று கூட இருந்த பெண்கள் சண்டை போட்டார்கள். அப்பா பெயர்தான் என்று முடிவானது. பிறகு, “அந்தப் பாட்ட எனக்குச் சொல்லிக்குடுத்தது எங்க சின்னாத்தா. அவங்க பேர மேல போடு, என் பேரு கீழ இருக்கட்டும்” என்றார்.

இரண்டு பெயரும் வீடியோவில் இருக்கின்றன, அவர் சொன்ன வரிசையில். இந்தக் கட்டுரையில் எழுதலாமா என்று அவரிடம் கேட்கவில்லை, அதனால் இங்கே எழுதவில்லை.