கன்சிலுக்குக் கிடைக்காத ஏர்பேக்

மலேசியாவின் ரவாங்கிலிருந்து வடக்கே போகும் பழைய கூட்டரசு சாலையில் பத்தாங் காலி, ராசா, கோலகுபு பாரு, கெர்லிங் எல்லாம் தாண்டி, பேராக் எல்லைக்குச் சற்று முன்னால் வருவது எங்கள் ஊர் கலும்பாங். எங்களுக்குத் தெற்கே சுங்கை சோவில் பெரோடுவா ஆலை. வடக்கே பெர்ணம் ஆற்றைக் கடந்தால் தஞ்சோங் மாலிமில் 2003-இல் உற்பத்தியைத் தொடங்கிய புரோட்டோன் ஆலை. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்தில் ஆள் தேவை குறைந்த பிறகு, லயத்தில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இந்த ஆலைகளுக்கு பஸ் ஏறினார்கள். ஸ்டியரிங்கில் ஏர்பேக் பூட்டிய கைகளில் தோட்டத்துக் கைகளும் உண்டு. அதே ஏர்பேக் அவர்கள் வீட்டுக் காருக்கு வந்து சேரத்தான் வெகுகாலம் ஆனது.

நான் இங்கே பட்டறை வைத்திருப்பவன். அப்பா தோட்டத்து லாரி ஓட்டினார். காலைப் பெரட்டில் ஆள்கணக்கு எடுத்து முடிந்ததும் ஆட்கள் பின்னால் ஏறுவார்கள். பிடித்துக்கொள்ளப் பக்கப் பலகை, இல்லையென்றால் பக்கத்து ஆளின் தோள். முன்சீட்டில் பெல்ட் போடுவது இந்த நாட்டில் 1979-இல் கட்டாயமானது. லாரியின் பின்னால் நின்றவர்களுக்கு அதனால் ஒன்றும் மாறவில்லை.

ஏர்பேக்கின் பிறப்பு 1952-இல், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில். ஜான் ஹெட்ரிக் மனைவியும் மகளும் உடன் இருக்க ஓட்டிப்போன கார் சாலையை விட்டு இறங்கியது. பிரேக்கை மிதித்த அதே நொடியில் அவரும் மனைவியும் நடுவில் இருந்த மகளின் முன்னால் கையை நீட்டினார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பிள்ளையை முன்னால் உட்காரவைத்து ஓட்டும் யாருக்கும் அந்தக் கை தானாக நீளும். அந்தக் கையின் வேலையைச் செய்ய ஒரு பையை வரைந்து 1953-இல் காப்புரிமை வாங்கினார். ஜெர்மனியில் வால்டர் லிண்டரரும் அதே காலத்தில் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மோதலை உணர்ந்து கண் இமைப்பதற்குள் பையை ஊதவைக்கும் கருவிகள் பிறகுதான் வந்தன. 1980-களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் ஏர்பேக் ஏறியது. அந்தக் கார்கள் துரைமாருக்கும் மேலே இருந்தவர்களுக்கு.

எங்கள் ஆட்களுக்குக் கார் என்றால் 1985-இல் வந்த புரோட்டோன் சாகா. அடுத்து 1994 ஆகஸ்டில் பெரோடுவாவின் கன்சில். அதற்கு மறுமாதம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. 660 சிசி எஞ்சினும் மெல்லிய தகடும் கொண்ட, ஏர்பேக் இல்லாத அந்தக் குட்டிக் காரில் ஐந்தாறு பேராக ஏறி, தைப்பூசத்துக்கு பத்துமலைக்குப் போனோம். அந்தக் காரை நான் குறைசொல்ல மாட்டேன்; மோட்டார் சைக்கிளில் மழையில் நனைந்த குடும்பத்துக்கு முதல் கூரை அது. ஆனால் உயிர்காக்கும் சாமானை விலை கூடிய ரகத்துக்கு மட்டும் வைக்கும் வழக்கத்தை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது. 2005-இல் வந்த மைவியிலும் மலிவு ரகத்துக்கு ஏர்பேக் கிடையாது.

மியாரோஸ் எனும் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகம் மலாக்காவில் மோதல் சோதனைக்கூடம் அமைத்து, 2013 முதல் கார்களுக்கான ஆசியான் என்கேப் பாதுகாப்பு நட்சத்திரங்கள் வெளிவரத் தொடங்கிய பின்தான் நிலைமை மாறியது. 2014-இல் சுங்கை சோவிலிருந்து வந்த ஆக்சியாவின் ஆக மலிவான ரகத்தில் ரேடியோகூட இல்லை. ஏர்பேக் மட்டும் இரண்டு இருந்தன. 25,000 வெள்ளிக்கும் குறைவு. இதைச் செய்ய முடியும் என்றால் இருபது ஆண்டுகள் ஏன் காக்கவைத்தார்கள்?

அதே 2014 ஜூலையில் சரவாக்கின் சிபுவில், 2003-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி ஓட்டிவந்த கர்ப்பிணி ஒருவர் இறந்தார். தகாத்தா நிறுவனத்தின் ஏர்பேக்கால் அமெரிக்காவுக்கு வெளியே நேர்ந்த முதல் மரணம் அது. பையை ஊதும் வாயுவுக்கு அந்த நிறுவனம் அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. வருடக்கணக்கில் ஈரமும் வெப்பமும் பட்டால் மருந்து கெட்டு, தேவைக்கு மேல் வேகமாக எரிந்து, இரும்புக் கூட்டையே வெடிக்கவைக்கும். தித்திவாங்சா மலையடியில், மதியம் கொளுத்தி மாலையில் கொட்டும் எங்கள் ஊருக்கு இது பொல்லாத மருந்து. உலகெங்கும் ஏறத்தாழ 10 கோடி ஊதுகருவிகளைத் திரும்பப் பெறவேண்டி வந்தது; 2017-இல் தகாத்தா திவாலானது. மலேசியாவில் அதற்குள் வேறு உயிர்களும் போயிருந்தன.

என்னைப் போன்ற பட்டறைக்காரனுக்கு ஏர்பேக்கைக் கழற்றுவது பெரிய வேலை இல்லை. முதலில் பேட்டரி வயரை எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும்; கருவிக்குள் தங்கிய மின்சாரம் வடியும் நேரம் அது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் திருகுகளைத் தளர்த்தி, மஞ்சள் இணைப்பைப் பிரித்து, பையின் முகம் மேலே பார்க்கும்படி வைக்க வேண்டும். தவறி வெடித்தாலும் மேசையிலிருந்து எகிறி ஆள்மேல் பாயக்கூடாது. இன்னும் ஒன்று சொல்லவேண்டும்: ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்துவரும் ஹாஃப்-கட் கார்களில் கழற்றிய ஏர்பேக்கை நான் யாருக்கும் பூட்டுவதில்லை. மலிவுதான், ஆனால் அதன் வயது யாருக்குத் தெரியும்?

கெட்ட ஊதுகருவியைக் கார் நிறுவனமே இலவசமாக மாற்றித் தருகிறது. ஆனால் அழைப்புக் கடிதம் பழைய சொந்தக்காரரின் முகவரிக்குப் போய்விட்டால், மூன்றாம் கையாக வாங்கியவருக்கு எப்படித் தெரியும்? தோட்டத்தில் அந்தக் கால சிட்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் மூன்றாம் கை, நான்காம் கை. எண்ணெய் மாற்ற வந்தாலும் சரி, டயர் பார்க்க வந்தாலும் சரி, சேசிஸ் எண்ணை முதலில் எழுதி எடுத்து, மாற்றவேண்டிய கார்தானா என்று பார்த்த பிறகே போனட்டைத் திறக்கிறேன்.