பிணைப்பு

சங்கரன்கோவிலில் தறி ஓடும் தெருவில் இந்தச் சொல்லைக் கண்ணாலேயே பார்க்கலாம். நீளவாக்கில் ஓடும் பழைய பாவு தீர்ந்ததும், அதன் இழை நுனி ஒவ்வொன்றோடும் புதிய பாவின் நுனியைச் சேர்த்து விரலால் முறுக்கி ஒன்றாக்குவார்கள். அதுதான் பிணைத்தல். வேர் ‘பிணை’, சேர்த்துக் கட்டு, பின்னு என்று பொருள். சூடடிக்கச் சேர்த்துக் கட்டிய மாடுகள் பிணையல். நீதிமன்றத்தில் ஒருவருக்காக இன்னொருவர் நிற்பதும் பிணை.

உடலியல் படிக்கும் நர்சிங் மாணவிக்கு இந்தப் படம் மனதில் இருந்தால் போதும், அணுக்கள் சேரும் பிணைப்புப் பாடம் பயமுறுத்தாது. சகப்பிணைப்பில் இரு அணுக்கள் எலக்ட்ரான் இணையைப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன. நீர் அப்படி உருவானதே. இலங்கையில் இதைப் பங்கீட்டுவலுப் பிணைப்பு என்பார்கள். நடப்பதை நேராகச் சொல்லும் அந்தப் பெயர்தான் எனக்குப் பிடிக்கும். உப்பிலோ சோடியம் ஓர் எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிடுகிறது, அது அயனிப்பிணைப்பு. இரத்தத்தில் கரைந்ததும் பிடி விட்டு அயனிகள் தனித்தனியே திரியும்.

ஹைட்ரஜன் பிணைப்பு மெலிது. டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் பிடித்திருப்பது அதுவே: காரங்களான அடினின், தைமின் இடையே 2, குவானின், சைட்டோசின் இடையே 3. செல் பிரியுமுன் அந்த இழைகள் அவிழ்ந்தாக வேண்டும். மெலிதாக இருப்பதால்தான் அவிழ்கின்றன.